அம்மம்மாவின் பெயரில் இருந்த வீடு

வளவும் வழக்கும் – 9

சென்ற வாரம் பங்குக்கிணற்றைப் பற்றிப் பேசியபோது, ஒரே கிணற்றில் நான்கு வளவுகளுக்கு உரிமை எப்படி வந்தது என்ற கேள்வியைப் பாதியில் விட்டிருந்தோம். அதற்குப் பதில் தேடக் கிணற்றடியை விட்டு வீட்டுக்குள் போகவேண்டும். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்கள், இன்று எந்த நாட்டில் குடியிருந்தாலும், தம் பிள்ளைப்பராயத்தை எழுத உட்காரும்போது ஒரு வீடு தவறாமல் வந்துவிடுகிறது. ஒழுங்கையிலிருந்து ஏறினால் சங்கடப்படலை, பிறகு தலைவாசல், உள்ளே முற்றமும் அதைச் சுற்றி நாலு சாரும், தள்ளிக் குசினி, கோடிப்பக்கம் மாட்டுக்கொட்டில், துலாக்கிணறு, ஆண்டுதோறும் புதுக்கிடுகு வாங்கும் வேலி. ஊர்ச்சங்கங்களின் ஆண்டு மலர்களில் இந்த வீட்டுக்குப் பெரும்பாலும் 'எங்கள் பரம்பரை வீடு' அல்லது 'பேரனார் வீடு' என்று பெயர். இந்த வாரம் நான் வைக்கும் வாதம் அந்தப் பெயரோடுதான். அந்த வீடுகளில் பெரும்பாலானவை பேரனாருக்குச் சொந்தமாக இருந்தவை அல்ல. அவை அம்மம்மாவுக்குச் சீதனமாக எழுதப்பட்டு, அவரிடமிருந்து மகளுக்கு மறுபடி சீதனமாகப் போனவை. நினைவில் யார் யார் நிரந்தரமாகக் குடியிருக்கிறார்கள், யார் விடுமுறைக்கு மட்டும் வந்துபோகிறார்கள், அந்த வீடு இன்று ஏன் பூட்டிக் கிடக்கிறது என்ற மூன்றுக்கும் விடை அந்தச் சீதன உறுதிக்குள் இருக்கிறது.

தேசவழமையிலிருந்து தொடங்கலாம். ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸ் கேட்டுக்கொண்டதன் பேரில், யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் உத்தியோகம் பார்த்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் இங்குள்ள வழக்கங்களைத் தொகுத்து 1707 ஜனவரியில் ஒப்படைத்தார். அதைத் தமிழில் வாசித்துச் சரிபார்த்தவர்கள் பன்னிரண்டு முதலியார்கள். ஆங்கிலேயர் 1806-ஆம் ஆண்டின் 18-ஆம் ஒழுங்குவிதியால் அதற்கு முழுச் சட்ட வலுவைக் கொடுத்தார்கள். தொகுப்பின் முதற்பகுதியே சொத்தைப் பற்றியது: கணவன் கொண்டுவந்த முதுசம், மனைவி கொண்டுவந்த சீதனம், இருவரும் சேர்ந்து தேடிய தேடியதேட்டம் என்று மூன்று வகை. பழைய வழக்கப்படி முதுசம் ஆண்மக்களுக்கும் சீதனம் பெண்மக்களுக்கும் போனதாகவும், போர்த்துக்கேயர் காலத்தில் இந்தக் கோடு கலங்கி, பெண்ணுக்கு எந்த வகைச் சொத்திலிருந்தும் சீதனம் கொடுக்கும் பழக்கம் வந்ததாகவும் தொகுப்பே சொல்கிறது. இதன் வேர் மலபாரின் மருமக்கட்தாயத்தில் இருப்பதாக எச். டபிள்யூ. தம்பையா எழுதினார். அந்த விவாதத்துக்குள் இப்போது போகவேண்டாம். நமக்கு வேண்டியது அதே தொகுப்பில் உள்ள இன்னொரு விதி: ஆண்பிள்ளைகள் கலியாணத்துக்கு முன் உழைப்பதெல்லாம் பெற்றோரின் பொதுச்சொத்தில் சேரும், சீதனம் வாங்கிக்கொண்டு போன மகளோ மிச்சச் சொத்தில் பங்கு கேட்க முடியாது. மகன் உழைத்துப் போட, மகள் தன் பங்கை எடுத்துக்கொண்டு முதலில் வெளியேறும் ஏற்பாடு இது. அவள் எடுத்துக்கொண்ட பங்கு பெரும்பாலும் காணியும் வீடும்.

சட்டப் புத்தகத்தில் இருந்தது வாழ்க்கையில் என்ன ஆனது? மூத்தவளுக்குக் கலியாணம் பேசும்போது வளவின் ஒரு துண்டு பிரித்து எழுதப்படும். அதில் ஒரு வீடு எழும்பும். அடுத்தவளுக்கு அடுத்த துண்டு. கடைசி மகளுக்குத் தாய்மனை. பெற்றோர் தம் சீவிய உருத்தை வைத்துக்கொண்டு அவளுக்கே எழுதிவிட்டு அவளோடு இருப்பார்கள். எல்லாக் குடும்பத்திலும் இந்த ஒழுங்கு அச்சுப் பிசகாமல் நடந்தது என்று சொல்லமாட்டேன். வசதியும் காணியின் அளவும் அதை மாற்றின. ஆனால் சாய்வு இந்தப் பக்கம்தான். 16 பரப்பு கொண்ட ஓர் ஏக்கர் வளவு இரண்டு தலைமுறையில் எட்டாகப் பிரிந்தாலும் கிணறு ஒன்றுதான். ஆகவே ஒவ்வொரு உறுதியிலும் கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் தனியே எழுதப்பட்டன. பங்குக்கிணறு, பல இடங்களில், ஒரு தாயின் மகள்மாருக்கு இடையிலான பங்கு. சென்ற வாரக் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான்.

இப்படிப் பிரிந்த வளவில் வளர்ந்த பிள்ளைக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் பெரியம்மாவும் குஞ்சம்மாவும். வேலியில் ஒரு பொட்டு. அதற்குள்ளால் பிள்ளைகளும் கறிச்சட்டியும் போய்வரும். தமிழ் உறவுமுறையில் தாயின் சகோதரிகளுடைய பிள்ளைகள் அண்ணன் தங்கைகள். மச்சான் மச்சாள் அல்ல. ஆகையால் யாழ்ப்பாணத்து நினைவுக் கட்டுரைகளில் விளையாட்டுக் கூட்டம் என்று வருவது பெரும்பாலும் சகோதரக் கூட்டம். மாமா என்பவர் அந்தக் கட்டுரைகளில் எப்போதும் கொழும்பிலிருந்து யாழ்தேவியில் வந்து இறங்குகிறவர், அல்லது தன் மனைவியின் ஊரிலிருந்து சைக்கிளில் வருகிறவர். அவர் பிறந்து வளர்ந்த வீடுதான் அது. ஆனால் கலியாணத்தோடு அவர் மனைவியின் வளவுக்குப் போய்விட்டார். தமிழ்நாட்டில் 'வீட்டோடு மாப்பிள்ளை' என்றால் ஒரு நக்கல் உண்டு. சினிமா அதை வைத்தே பல நகைச்சுவைகளை ஓட்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மாப்பிள்ளை பெண்ணுடைய வீட்டில் குடியிருப்பது கதைக்க வேண்டிய விஷயமே இல்லை. அவர் வருவார், தலைவாசலில் சாய்மனைக் கதிரையைப் போட்டுக்கொள்வார், முப்பது வருடம் கழித்துப் பேரப்பிள்ளைகள் அதைப் 'பேரனார் வீடு' என்று எழுதுவார்கள்.

இதற்கு ஒரு மறுப்பு உடனே வரும். அப்பாவின் பெற்றோர் வீட்டையும் ஆட்கள் அதே பாசத்தோடு நினைவுகூர்கிறார்களே, அதற்கு என்ன சொல்வது? சொல்லலாம், அந்த மறுப்பைச் சற்று உள்ளே போய்ப் பார்த்தால் அது என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. அப்பாவுக்குச் சகோதரிகள் இருந்தால், அப்பப்பா அப்பாச்சி இருந்த மனை அவர்களில் ஒருத்திக்குச் சீதனமாகப் போயிருக்கும். பிள்ளை பொங்கலுக்கோ தீபாவளிக்கோ 'அப்பப்பா வீட்டுக்கு' போனபோது உண்மையில் போனது மாமி வீட்டுக்கு. அங்கே இருந்த பிள்ளைகள் மச்சான்மாரும் மச்சாள்மாரும். அந்த வீட்டின் மரியாதைகளும் பகிடிகளும் வேறு. தாய்வழி வீட்டைப் பற்றி எழுதும்போது குசினியும் கோடியும் வருகின்றன, தகப்பன்வழி வீட்டைப் பற்றி எழுதும்போது தலைவாசலும் விருந்துச் சாப்பாடும் வருகின்றன என்றால், அதற்குப் பாட்டிமாரின் குணபேதம் காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஒன்றில் பிள்ளை உரிமைக்காரி, மற்றதில் விருந்தாளி. சகோதரியே இல்லாத ஆண்மக்கள் தகப்பன் வீட்டில் இருந்ததுண்டு. காணியும் காசும் அவன் பக்கம் கூடுதலாக இருந்தால் பெண் அங்கே போனதும் உண்டு. விதிவிலக்குகளைச் சேர்த்துப் பார்த்தாலும் சாய்வு மாறவில்லை.

'பரம்பரை' என்ற பெருமைக்கும் இங்கே ஒரு கணக்குத் தீர்க்கவேண்டும். காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் வீட்டையும் யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டையும் படத்தில் பார்த்தால் இரண்டிலும் நடுவில் முற்றம் இருக்கும். ஆனால் செட்டிநாட்டு வீடு ஆண்மக்களைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்டது. கலியாணமான ஒவ்வொரு மகனுக்கும் உள்முற்றத்தைச் சுற்றி அறை ஒதுக்கி, பங்காளிகள் பொதுவில் வைத்துக்கொள்கிற கட்டடம் அது. அதனால்தான் அவ்வளவு பெரியது. அதனால்தான் நூறு பங்காளிகள் ஊர் ஊராகச் சிதறியும் அது விற்கப்படாமல் நிற்கிறது. யாழ்ப்பாணத்து வீட்டுக்கு அந்த வேலை கிடையாது. ஒரு மகள் குடும்பம் இருக்க அது போதும். மற்றவர்களுக்கு வேறு வீடு எழும்பும். ஆகவே இங்கே பழையது காணிதான். ஒல்லாந்தர் தோம்பில் பதிந்த காணிப்பெயர்கள் இன்றைய உறுதியிலும் அப்படியே வருகின்றன. வீடு அவ்வளவு பழையதல்ல. பீலி ஓட்டுக் காலத்துக் கட்டடங்கள் சில மிஞ்சியிருக்கலாம். தட்டை ஓடு போட்ட வீடென்றால், பாசல் மிஷன் மங்களூரில் தன் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கிய 1865-க்கு முன்னர் அந்தக் கூரை வந்திருக்க வழியில்லை. திருவிதாங்கூருக்குப் போன புகையிலையின் லாபமும், பிறகு மலாயாவில் ரயில்வேயிலும் கச்சேரிகளிலும் எழுதுவினைஞராக இருந்தவர்களின் சம்பளமும் பென்சனும் கட்டிய வீடுகள் இவை. மலாயாப் பென்சன்காரர் உழைத்த காசு யார் காணியில் கல்லாக மாறியது என்று பாருங்கள்: மனைவியின் சீதனக் காணியில், அல்லது மகள்மாருக்காக வாங்கிய காணியில். ஓட்டையும் தூணையும் அவர் வாங்கினார். அதை வைத்துக்கொண்டு வீடு அவருடையது என்று பேரப்பிள்ளைகள் சொல்வது ஒரு வகையில் நியாயம்தான். உறுதி மட்டும் வேறு சொல்கிறது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. பெண்ணின் பெயரில் எழுதினால் பெண்ணுக்குச் சொந்தமாகிவிடுமா? சீதனம் என்ற கொடுமையையல்லவா நீ பெண்ணுரிமையாகப் பூசி மெழுகுகிறாய்? இதை எளிதில் தள்ள முடியாது. 1911-ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, மனைவியின் சொத்து மனைவியுடையதே என்று சொல்லிவிட்டு, அசைவற்ற சொத்தை அவள் கைமாற்ற வேண்டுமானால் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று பூட்டுப் போடுகிறது. மரணசாசனம் எழுதலாம், விற்கக்கூடாது. கணவன் கைவிட்டுப் போயிருந்தாலோ நியாயமின்றிச் சம்மதத்தை மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். எந்தச் சாதாரணக் குடும்பப் பெண் போனாள்? சட்டம் திறப்பை அவளிடமும் கையெழுத்தை அவனிடமும் கொடுத்து வைத்திருந்தது. ஆனால் திறப்பும் சும்மா விஷயமில்லை என்பதுதான் என் பக்கம். கடலுக்கு அந்தப் பக்கம், இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இல் மகளை வாரிசாக ஏற்றது. ஏற்றுவிட்டு 23-ஆம் பிரிவில், குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும்வரை பெண் பிரிவினை கேட்க முடியாது என்றது. கலியாணமாகிக் கணவனோடு வாழ்கிற மகளுக்கு அதில் குடியிருக்கும் உரிமையும் இல்லை. அந்தப் பிரிவு நீங்கியது 2005-இல். தமிழ்நாட்டு மகள் பிறந்த வீட்டுக்குள் சட்டப்படி விருந்தாளியாக இருந்த அதே அரை நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மகள் தன் வீட்டில் இருந்துகொண்டு கணவனோடு சண்டை பிடித்தாள். அவள் கோபித்துக்கொண்டு போக வேறு வீடு தேவைப்படவில்லை, போகவேண்டியவன் அவன். அண்ணன்மார் தங்கச்சிமாரின் சீதனத்துக்காக முடி நரைக்கும்வரை காத்திருந்ததும், காணியில்லாத தகப்பன்மார் கடனில் மூழ்கியதும் இந்த ஏற்பாட்டின் மறுபக்கம். அந்தக் கொடுமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு எந்த அவசியமும் இல்லை. கொடுமையும் திறப்பும் ஒரே உறுதியில் எழுதப்பட்டிருந்தன என்கிறேன்.

என் வாதம் உண்மையாகவே நின்றுபோகிற இடம் சாதி. நாற்சார் வீடு காணியுள்ளவர்களின் நினைவு. அதிலும் பெரும்பங்கு வெள்ளாளரின் நினைவு. அடிமைமுறை சட்டத்தில் ஒழிந்தது 1844-இல். அதன் பிறகும் நளவரும் பள்ளரும் பல தலைமுறைகளாக மற்றவர் காணியின் ஓரத்தில், மண்சுவரும் பனையோலையுமான கொட்டில்களில் இருந்தார்கள். எழுதிக் கொடுக்க உறுதி இல்லாத இடத்தில் சீதன வீட்டின் கதையும் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கும் ஆச்சி இருந்தாள், அவள் மடியும் கதையும் இருந்தன, வளவு இருக்கவில்லை. இது பழைய கதை என்று யாரும் நினைக்கவேண்டாம். 1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து எழுந்து வந்தவர்களில் காணியும் உறவும் காசும் உள்ளவர்கள் ஏதோ ஒரு கூரையைத் தேடிக்கொண்டார்கள். சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாமிலும் மல்லாகம் கோணப்புலத்திலும் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் தகரத்துக்குக் கீழே கிடந்தவர்களில் பலர், ஊர் விடுபட்டாலும் திரும்பிப் போகச் சொந்தமாக ஒரு பரப்பும் இல்லாதவர்கள். 'எங்கள் பழைய வீடு' என்று மலர்களில் எழுதுகிற ஒவ்வொருவரும் ஒரு முறையாவது நினைக்கவேண்டிய விஷயம், அதே ஊரில் அப்படி எழுத முடியாதவர்கள் எத்தனை பேர் என்பது.

வீடுகள் அழிந்ததற்கு யுத்தம்தான் காரணம், வழக்கமும் சட்டமும் என்று ஏன் சுற்றி வளைக்கிறாய் என்று கேட்பவர்களுக்கும் பதில் வைத்திருக்கிறேன். யுத்தம் செய்தது பெரிது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் புலிகள் சில மணி நேரத்தில் வெளியேற்றியபோது சோனகதெருவின் வீடுகள் ஒரே நாளில் வெறுமையாகின. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. வலிகாமத்தில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப்போவதாக 2013-இல் அறிவித்தல் ஒட்டப்பட்டது. பின்னர் துண்டு துண்டாக விடுபட்ட இடங்களுக்குப் போனவர்களில் பலர் வீட்டையும் காணவில்லை, வேலியையும் ஒழுங்கையையும் காணவில்லை. கிணற்றைக் கண்டுபிடித்து அதிலிருந்து எல்லையை அளந்தார்கள். மானிடவியலாளர் சரிகா திராணகம இந்த இடப்பெயர்வுகளைப் பற்றி, தமிழரையும் முஸ்லிம்களையும் சேர்த்து, 2011-இல் எழுதிய ஆங்கில நூலுக்கு வைத்த பெயர் 'என் தாயின் வீட்டில்'. தற்செயலான தலைப்பாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஷெல் விழுந்த வீட்டுக்கு ஓடு மாற்றலாம். ஆட்கள் மாற்றியும் இருக்கிறார்கள். திருத்திய பிறகும் வடமராட்சியிலும் தென்மராட்சியிலும் வலிகாமம் தெற்கிலும் பூட்டிக் கிடக்கும் நல்ல வீடுகளுக்கு யுத்தம் மட்டும் பதிலாகாது. சீதனம் காணியிலிருந்து காசுக்கு மாறத் தொடங்கியது யுத்தத்துக்கு முன்பே. மாப்பிள்ளை வீட்டாருக்குப் போகும் 'டொனேசன்', கொழும்பில் ஒரு வீடு, பிறகு ரொறன்ரோவில் ஒரு மாப்பிள்ளை. மகள் தாய்மனைக்கு மேல் அறை எடுத்துக் குடியிருந்த காலத்தில் கூரையைப் பார்க்க ஒருத்தி எப்போதும் இருந்தாள். கடைசி மகளும் விமானம் ஏறிய அன்று அந்த ஏற்பாடு முடிந்தது. கூரை அதன் பிறகுதான் ஒழுகத் தொடங்கியது.

இடம்பெயர்வு இன்னொன்றையும் செய்தது. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. இரணைமடுவை நம்பி எழுந்த கிளிநொச்சிக் குடியேற்றங்களில் கிடைத்தது அரச காணி. அங்கே தேசவழமைக்கு வேலை இல்லை. 1935-ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம்தான் பேசும். அதன் மூன்றாம் அட்டவணை, பின்னுரித்தாளி பெயரிடப்படாதபோது, மகளுக்கு முன்னால் மகனை நிறுத்தியது. 2022-இல்தான் அது திருத்தப்பட்டது. குடாநாட்டில் அம்மம்மாவின் பெயரில் வீடு வைத்திருந்த ஒரு குடும்பம் வன்னியில் அப்பாவின் பெயரில் உத்தரவுப்பத்திரம் எடுத்து, அடுத்து அண்ணனுக்குக் கொடுத்தது. ஒரே பாலத்தைத் தாண்டியதில் வீட்டின் வழி மாறிவிட்டது. வன்னியில் வளர்ந்த தலைமுறை நாளைக்குத் தன் நினைவுகளை எழுதும்போது 'பேரனார் வீடு' என்பது சரியாகவே இருக்கும்.

இனிப் பூட்டிய வீட்டின் சட்ட நிலைமை. அம்மம்மா மரணசாசனம் எழுதாமல் போய்விட்டார். தாய்மாரும் ஒவ்வொருவராகப் போகிறார்கள். பங்கு இப்போது நாலு நாட்டில் உள்ள பேரப்பிள்ளைகளுக்கு வந்து நிற்கிறது. வெளியார் கையகப்படுத்திப் பத்தாண்டு ஆண்டு அனுபவித்ததாகச் சொல்லிவிடாமல், ஆயுதக் குழுக்களால் வெளியேற்றப்பட்டவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று 2016-இன் 5-ஆம் இலக்கச் சட்டம் ஒரு காவல் கொடுத்தது. பங்காளிக்கு முன்விலை உரிமை தரும் 1947-ஆம் ஆண்டுச் சட்டமும் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் 2014-ஆம் ஆண்டின் 38-ஆம் இலக்கக் காணிச் சட்டம், இலங்கைக் குடியுரிமையை விட்டவருக்கு நிலம் விற்பதைத் தடுக்கிறது. வழியுரிமையாக வருவதையும் நெருங்கிய உறவினர் நன்கொடையாகத் தருவதையும் அது அனுமதிக்கும். இரட்டைக் குடியுரிமை எடுத்தவருக்கும் தடை இல்லை. கனடியக் குடியுரிமை மட்டும் உள்ள ஒரு பேத்தி தனக்கு வந்த எட்டில் ஒரு பங்கை வைத்திருக்கலாம். மிச்ச ஏழு பங்கையும் விலைகொடுத்து வாங்கி வீட்டை ஒரு கைக்குக் கொண்டுவர முடியாது. அதே பேத்தி முழுத்தொகையையும் வெளிநாட்டிலிருந்து அனுப்பி, கொழும்புத் தொடர்மாடி ஒன்றில் வீடு வாங்க அதே சட்டம் வழி விட்டிருக்கிறது. இந்த முடிச்சை அவிழ்க்க இன்று நொத்தாரிசுமார் எழுதுவது பெரும்பாலும் நன்கொடை உறுதி. ஏழு பேரும் கையெழுத்து வைக்கச் சம்மதித்தால்தான் அது நடக்கும். சம்மதிக்காதபோது தொடங்குவது பிரிவினை வழக்கு; யாழ்ப்பாண நீதிமன்றங்களில் அது எப்படி நடக்கிறது என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)